'சாகப் பயந்தால் வேறு வேலைக்குப் போகட்டும்' என்று எழுதியவருக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. கைக்காரியம் முடித்துவிட்டு உட்கார்ந்து வாசியுங்கள். நாலு வரி பார்த்துவிட்டு 'சூப்பர் டீச்சர்' என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன வாரம் முகநூல் ஒரு பழைய படத்தை நினைவூட்டியது. 2020 ஜூன் மாதம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்தை ஒட்டிய மலை இரவில் எரிகிற படம். மகள் வீட்டு வாசலில் நின்று என் செல்போனில் எடுத்தது. அதை மறுபடி பகிர்ந்து, 'மின்னல் விழுந்து பற்றிய தீ. முழுவதும் கட்டுக்குள் வர 48 நாள் ஆனது' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அதன் கீழே வந்த பதில்களைப் பார்த்தீர்கள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன், இப்போது நல்ல வேலையில் இருக்கிறவன், இப்படி எழுதினான்: "அமெரிக்காகாரன்கிட்ட இல்லாத விமானமா டீச்சர்? நாலு விமானத்துல தண்ணி ஊத்தினா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். எரிய விட்டுட்டு 'கட்டுக்குள் கொண்டு வந்தோம்'னு கணக்கு காட்டுறான்." அதற்கு முப்பது பேர் விருப்பக்குறி போட்டிருந்தீர்கள். சரி, தெரியாமல் கேட்கிறான் என்று விட்டிருப்பேன்.

அதன் கீழே எங்கள் குடும்பத்திலேயே ஒருவர், எனக்குத் தம்பி முறை வேண்டும், எழுதினார்: "மலை மேல ஏறி அணைக்க மாட்டேங்குறான். சாகப் பயந்தா வேற வேலைக்குப் போகட்டும்."

இதை என்னால் விட முடியவில்லை. மூன்று இரவு யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த முதல் வாரத்தில் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். 2020 பிப்ரவரியில் பேரனைப் பார்க்கப் போனவள், கொரோனாவால் விமானம் நின்றுபோய் ஆகஸ்ட் வரை அங்கேயே இருந்தேன். ஜூன் 5, வெள்ளிக்கிழமை. மலைப் பக்கம் மேகம் கருத்து இடி இடித்தது. எங்களுக்கு ஒரு சொட்டு மழை விழவில்லை. மின்னல் மட்டும் விழுந்தது. புஷ் ரிட்ஜ் என்ற பாறை முகட்டுப் பக்கம் தீ பற்றியது. இரண்டாம் நாள் இரவு வாசலில் நின்று பார்த்தால், மலையில் சிவப்பாக ஒரு கோடு. பங்குனி சித்திரையில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தூரத்தில் தெரியுமே, அதே மாதிரி. "ஏன் மாப்பிள்ளை, ஒருத்தரும் மேல போகலையா?" என்று மருமகனிடம் கேட்டேன். அவர், "அத்தை, நாளைக்குப் பகல்ல அந்த மலையைக் காட்டுறேன், பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றார்.

காட்டினார். அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்கவில்லை.

அந்த மலையின் பெயர் சான்டா கேட்டலினா. டூசான் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 730 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையின் உச்சியான லெம்மன் சிகரம் சுமார் 2,790 மீட்டர். அடிவாரத்தில் பாலைவனம்: ஆள் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு வளரும் சகுவாரோ கள்ளி, முள், பாறை. மேலே போகப் போக புல், கருவாலி, அதற்கும் மேலே பைன், ஃபர் மரக் காடு. பாலைவனக் கடலுக்கு நடுவில் பசுமையான தீவு மாதிரி நிற்பதால் இவற்றை 'வானத் தீவுகள்' என்று சொல்கிறார்கள். தீ பற்றிய பக்கம் சாலை கிடையாது. செங்குத்துப் பாறை, இடுக்கான பள்ளத்தாக்கு, காலடியில் சரியும் கல். ஜூன் மாதம் வெயில் 38 பாகையைத் தாண்டும். காற்றில் ஈரம் என்பதே இருக்காது. மழை மேகத்திலிருந்து இறங்கும், தரையைத் தொடுமுன் காற்றிலேயே ஆவியாகிவிடும். மின்னல் மட்டும் தரைக்கு வரும். அங்கே இதை 'வறண்ட மின்னல்' என்கிறார்கள்.

தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். ஏழாம் வகுப்பு அறிவியல்: சூடான காற்று மேலே போகும். கீழே எரிகிற தீ, மேலே இருக்கிற புல்லையும் புதரையும் முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று தீயணைப்புப் பயிற்சியில் ஒரு கணக்கு சொல்லித் தருகிறார்கள். 20 பாகை என்றால் நாலு மடங்கு, 30 பாகை என்றால் எட்டு மடங்கு. கல் சரியும் மலையில் இருபது கிலோ மூட்டை சுமந்து ஏறுகிற மனிதனின் வேகம் கூடுமா? குறையும். குரங்கணியில் 2018 மார்ச்சில் என்ன நடந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். காய்ந்த புல், சரிவு, காற்று. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விமானத்துக்கு வருகிறேன்.

விமானம் வரவில்லை என்று யார் சொன்னது? வந்தன. ஹெலிகாப்டர்கள் வாளி கட்டித் தண்ணீர் கொண்டுவந்தன. பெரிய விமானங்கள் சிவப்பு நிறக் கலவையைக் கொட்டின. பேரன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். ஆனால் அந்தச் சிவப்புக் கலவை தீயை அணைப்பதற்கானது அல்ல. பெரும்பகுதி தண்ணீர், அதோடு உரத்தில் இருக்கிற மாதிரியான பாஸ்பேட் உப்பு, எங்கே விழுந்தது என்று தெரிய சிவப்பு நிறம். எரிகிற இடத்தில் அல்ல, தீ வரப்போகிற பாதையில் கொட்டுவார்கள். அது புல்லையும் செடியையும் எளிதில் பற்றவிடாமல் தீயின் வேகத்தைக் குறைக்கும். அந்த நேரத்துக்குள் தரையில் ஆட்கள் போய்த் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். ஆள் போக முடியாத பாறையில் கொட்டினால், ஒரு பொழுது தாமதிக்கும், பிறகு தீ சுற்றிக்கொண்டு போகும். பள்ளத்தாக்கில் காற்று சுழலும்போது விமானம் தாழ்ந்து பறக்கவும் முடியாது. போதாக்குறைக்கு, வீடியோ எடுக்கிறேன் என்று எவனாவது ட்ரோனைப் பறக்கவிட்டால் எல்லா விமானமும் தரையிறங்க வேண்டும், மோதினால் உயிர் போகும். விமானம் போதவில்லை என்று எழுதுகிறவர்கள் அந்த ட்ரோன் வீடியோக்களையும்தான் பகிர்கிறார்கள்.

அடுத்து 'கட்டுக்குள்' என்ற சொல். இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறீர்கள்.

தினமும் அறிக்கை வரும். 'தீ 40 சதவீதம் கட்டுக்குள்' என்று. நான் முதலில் என்ன நினைத்தேன் என்றால், 40 சதவீதம் அணைந்துவிட்டது, மீதி 60 எரிகிறது என்று. தப்பு. தீயின் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு நீளத்துக்கு, இனி தீ தாண்டாது என்று நம்பக்கூடிய கோடு அமைந்துவிட்டது என்று பொருள். பட்டிக்கு வேலி கட்டுகிற மாதிரி. வேலி பத்தில் நாலு பங்கு முடிந்தது, மாடு உள்ளே மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. வேலி முழுக்க முடிந்தால் 100 சதவீதம் கட்டுக்குள். அப்போதும் உள்ளே புகையும், கட்டை எரியும். அது வெளியே வராது, அவ்வளவுதான். ஜூலை 23ஆம் தேதி நடந்தது அதுதான். அதுவரை எரிந்தது சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஏக்கர்.

அந்த வேலியை எங்கே கட்டுவது? எரிகிற இடத்தின் ஓரத்திலேயே என்றால் நல்லதுதான். இடம் கொடுத்தால் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருபக்கம் கோடாலியும் மறுபக்கம் களைக்கொத்தும் சேர்ந்த ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அதால் புல், வேர், சருகு எல்லாவற்றையும் வெட்டி, வெறும் மண் தெரிகிற வரை வரிசையாக ஒரு பாதை கொத்துவார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் தீயணைப்பு என்றால் மண்வேலைதான். நம் ஊரில் வரப்பு வெட்டியவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். பாறை முகட்டில் அது முடியாது. அப்போது என்ன செய்வார்கள்? பின்வாங்கி, ஒரு சாலை, ஒரு ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்துபோன பழைய நிலம், இப்படித் தங்களால் நிற்க முடிகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே புதரை வெட்டி அகலப்படுத்தி, காற்று சாதகமாக இருக்கிற நேரம் பார்த்து, அந்தக் கோட்டிலிருந்து உள்பக்கமாகத் தாங்களே எதிர்த்தீ வைப்பார்கள். பெரிய தீ அங்கே வந்து சேரும்போது அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இது 'எரிய விடுகிறான்' என்றுதான் தெரியும். கேட்டலினா மலையில் யாரும் 'எரியட்டும்' என்று விடவில்லை. எங்கே நிறுத்த முடியுமோ அங்கே நிறுத்துவோம் என்றார்கள்.

பலன் என்ன? உச்சியில் சம்மர்ஹேவன் என்று ஒரு சிற்றூர். 2003இல் மனிதர்களால் பற்றிய ஒரு தீயில் அந்த ஊரில் வீடும் கடையுமாக 340 அளவில் போயின. 2020இல் மறுபடி தீ அதே மலையைச் சுற்றியது. ஊரைக் காலி செய்தார்கள். மலைச் சாலைகளைக் கோடாக வைத்துக்கொண்டு, எதிர்த்தீ வைத்து நின்றார்கள். ஊர் தப்பியது. கட்டுப்படுத்துவது என்றால் இதுதான். பாறை முகட்டுக்காக ஆளைக் கொடுக்காமல், ஆளை ஊருக்குப் பக்கத்தில் நிறுத்துவது.

இனி 'சாகப் பயந்தால்' என்பதற்கு வருகிறேன். தம்பி, கணக்கு எழுதிக்கொள்.

1949 ஆகஸ்ட், மொன்டானா மாநிலம், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. மின்னல் தீ. 13 பேர் இறந்தார்கள். புல் சரிவில் தீ அவர்களைத் துரத்திப் பிடித்தது.

1990 ஜூன், இதே அரிசோனா, பேசன் ஊருக்குப் பக்கத்தில். மின்னல் தீ. 6 பேர். அதில் ஐந்து பேர் சிறைக் கைதிகள், ஒருவர் சிறைக் காவலர். அங்கே கைதிகளையும் தீயணைக்க அனுப்புகிற வழக்கம் உண்டு. யாரை மலைமேல் அனுப்புகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

1994 ஜூலை, கொலராடோ மாநிலம், ஸ்டார்ம் கிங் மலை. மின்னல் தீ. 14 பேர். புதர் அடர்ந்த சரிவில் கோடு வெட்டிக்கொண்டிருந்தபோது காற்று மாறியது.

2013 ஜூன், மறுபடி அரிசோனா, யார்னெல் என்ற சிறு ஊர். மின்னல் தீ. பிரெஸ்காட் நகரத்தின் கிரானைட் மவுன்டன் ஹாட்ஷாட்ஸ் என்ற 20 பேர் குழு. ஹாட்ஷாட் என்றால் மிகக் கடினமான இடத்துக்குப் போகப் பயிற்சி பெற்றவர்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தில் பாதுகாப்பாக இருந்தவர்கள், அங்கிருந்து புறப்பட்டுப் புதர் மண்டிய ஒரு பள்ளத்துக்குள் இறங்கினார்கள். ஏன் இறங்கினார்கள் என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. இடிமேகத்திலிருந்து இறங்கிய காற்று தீயின் திசையைத் திருப்பியது. 19 பேர் இறந்தார்கள். வேறு இடத்தில் காவல் பார்க்க நின்ற ஒருவர் மட்டும் பிழைத்தார். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பையன்கள்.

13, 6, 14, 19. கூட்டுங்கள். 52. நாலு மின்னல். இவர்கள் யாரும் சாகப் பயந்தவர்கள் அல்ல. பயப்படாதவர்கள்தான் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அவர்கள் ஒரு விதி எழுதினார்கள். 1990 தீயில் வேறொரு குழுவுக்குத் தலைவராக இருந்த பால் கிளீசன் என்பவர் அடுத்த ஆண்டு நாலே விஷயமாகச் சுருக்கிக் கொடுத்தார்: காவல் பார்க்க ஒருவர், பேச்சுத் தொடர்பு, தப்பிக்க வழி, ஒதுங்கப் பாதுகாப்பான இடம். இந்த நாலும் இல்லாமல் வேலையைத் தொடங்காதே. நான் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனபோது தலையை எண்ணாமல் பேருந்தை எடுக்க விடமாட்டேனே, நினைவிருக்கிறதா? அதைப் பயம் என்றா சொன்னீர்கள்? இன்று ஒரு குழுத்தலைவன் புஷ் ரிட்ஜைப் பார்த்து, தப்பிக்க வழி இல்லை, என் பிள்ளைகளை அங்கே அனுப்பமாட்டேன் என்று சொல்கிறான் என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் 52 பேர் நிற்கிறார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த கூலியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வனத்துறையில் தீயணைக்கப் புதிதாகச் சேருகிற பையனுக்கு 2021 வரை அடிப்படை ஊதியம் மணிக்கு 13 டாலர் அளவில்தான் இருந்தது. பதவியின் பெயர்கூட அப்போது 'தீயணைப்பாளர்' இல்லை, 'வனத் தொழில்நுட்பர்' என்றுதான் இருந்தது. வருடத்தில் சில மாதம்தான் வேலை. இதில் 'வேறு வேலைக்குப் போகட்டும்' என்கிறாய். போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள் தம்பி. ஆள் பற்றாக்குறை அங்கே பெரிய பிரச்சினை.

இப்போது எதிர்க்கேள்விகள். வகுப்பில் கேள்வி கேட்டவனை நான் உட்கார வைத்ததில்லை.

ஒன்று. 'மின்னல் விழுந்த முதல் நாளே சின்னதாக இருக்கும்போது அணைத்திருக்கலாமே?' நியாயமான கேள்வி. யார்னெல் தீகூட முதல் மாலை ஒரு ஏக்கருக்கும் குறைவாகத்தான் இருந்தது. அன்றிரவே அணைத்திருந்தால் 19 பேரும் இருந்திருப்பார்கள் என்று அங்கேயும் பேசினார்கள். ஆனால் அது பெரிதாகும் என்று முடிவு தெரிந்த பிறகு பேசுகிறோம். அமெரிக்காவில் பற்றுகிற காட்டுத்தீயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சின்னதாக இருக்கும்போதே அணைக்கப்படுகின்றன. அவை செய்தியில் வராது. மிச்சம் சிலதான் பாறையில், இருட்டில், வழியில்லாத இடத்தில் பற்றித் தப்பித்துக்கொள்கின்றன. சின்னத் தீயை அடி, பத்திரமாகப் போக முடிந்தால் அடி. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு. 'பழைய காலத்தில் உடனே அணைத்தார்களே?' ஆமாம், அதுவும் ஒரு பாடம். 1910இல் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் முப்பது லட்சம் ஏக்கர் எரிந்தது. 85 பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். அந்த அதிர்ச்சியில் வளர்ந்த வனத்துறை, 1935இல் ஓர் ஆணை போட்டது: எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் வர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறதா? என் மாணவன் கேட்பதும் அதைத்தான். பல பத்தாண்டுகள் அப்படியே செய்தார்கள். என்ன ஆனது? டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் மர வளையங்களை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பைன் மரத்தின் அடியில் பழைய தீ விட்ட தழும்பு வளையத்துக்குள் பதிந்திருக்கும். அதை எண்ணிப் பார்த்தால், முன்பெல்லாம் அந்தப் பைன் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சின்னத் தீ தரையோடு தவழ்ந்து போயிருக்கிறது. சருகைத் தின்றுவிட்டுப் பெரிய மரத்தை விட்டுவிடும். முதலில் ஆடுமாடு மேய்ந்து புல் போனது, பிறகு நாம் எல்லாத் தீயையும் அணைத்தோம். சருகும் கன்றும் புதரும் நூறு வருடம் சேர்ந்தன. இப்போது பற்றினால் தவழாது, உச்சிக்குத் தாவும். தினமும் பெருக்காத அடுக்களையில் ஒரு நாள் பற்றினால் எப்படியோ அப்படி. 'உடனே அணை' என்ற கோபம்தான் இன்றைய பெருந்தீக்கு விறகு அடுக்கியது.

மூன்று. 'அப்படியானால் தீ நல்லது என்கிறீர்களா டீச்சர்?' இல்லை. அந்த மலையின் அடிவாரம் வேறு, உச்சி வேறு. உச்சிப் பைன் காட்டுக்குச் சின்னத் தீ பழக்கம். அடிவாரப் பாலைவனத்துக்குத் தீ பழக்கமே இல்லை. செடிக்குச் செடி வெறும் மண் கிடந்ததால் தீ பரவ வழியில்லாமல் இருந்தது. 1930களில் மாட்டுத் தீவனத்துக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து பஃபல் புல் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது அந்த வெறும் மண்ணை நிரப்பி, கள்ளிக்கும் கள்ளிக்கும் நடுவே திரி போட்ட மாதிரி படர்ந்துவிட்டது. எரிந்தாலும் முதலில் முளைப்பது அதுதான். சகுவாரோ கள்ளிக்கு முதல் கிளை விட ஐம்பது, எழுபது வருடம் ஆகும். ஒருமுறை வெந்தால் வெந்ததுதான். எனவே மேலே கொஞ்சம் பொறுக்கலாம், கீழே பொறுக்கக் கூடாது. இதை அறிந்துதான் வேலி எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். உச்சிக் காட்டிலும் கடுந்தீ கொடுமைதான். 2017இல் பக்கத்து பினலேனோ மலையில் மின்னல் தீ வந்த பிறகு, உலகில் வேறெங்கும் இல்லாத கிரகாம் மலைச் செவ்வணிலை எண்ணிப் பார்த்தார்கள். முந்தைய ஆண்டு 252 இருந்தது 35 ஆகியிருந்தது.

நாலாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். 2025இல் கிராண்ட் கேன்யனில் என்ன ஆனது? ஜூலை 4 அன்று வடக்கு விளிம்பில் மின்னல் விழுந்து தீ. சுற்றி வளைத்துக் கட்டுக்குள் வைப்போம் என்று முதலில் முடிவு செய்தார்கள். ஒரு வாரத்தில் காற்று பிடித்தது. புகழ்பெற்ற பழைய கிராண்ட் கேன்யன் விடுதி உட்படப் பல கட்டடங்கள் சாம்பல். கடைசியில் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் ஏக்கர். அரிசோனா ஆளுநர் விசாரணை கேட்டார். கேட்க வேண்டியதுதான். 'கட்டுக்குள்' என்ற சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ள நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. வரைபடத்தில் போட்ட கோடு தரையிலும் இருந்ததா, பலத்த காற்று வந்தால் அது தாங்குமா, விடுதியைச் சுற்றிப் புதர் அகற்றியிருந்ததா, என்று கறாராகக் கேட்க வேண்டும். அது சமதள மேட்டுக்காடு, சாலை உண்டு. புஷ் ரிட்ஜ் பாறை அல்ல. இரண்டுக்கும் ஒரே விடையை எழுதுகிறவன் கேள்வித்தாளைப் படிக்கவில்லை. ஆனால் அந்தத் தவறிலிருந்து 'இனி எல்லா மலையிலும் உடனே ஆளை ஏற்று' என்ற முடிவுக்குப் போனால், அடுத்த பட்டியலை நாமே தொடங்கி வைக்கிறோம். விடுதியை மறுபடி கட்டலாம்.

ஆக நான் சொல்வது இதுதான். ஆள் நிற்க முடியாத மலையில் பற்றிய தீயை, நிற்க முடிகிற இடத்தில் நிறுத்துவது கோழைத்தனம் அல்ல. பொறுப்பு. கோபம் வந்தால் தீயணைக்கிறவன் மேல் காட்டாதீர்கள். தீ வருவதற்கு முந்தைய பத்து வருடத்தின் மேல் காட்டுங்கள். குளிர்காலத்தில் கட்டுப்பாட்டோடு எரித்துச் சருகைக் குறைத்தார்களா? பஃபல் புல்லைப் பிடுங்கினார்களா? அங்கே தன்னார்வலர்கள் வாராவாரம் போய்ப் பிடுங்குகிறார்கள், என் மகளும் போகிறாள். மலையடியில் ஆசையாக வீடு கட்டினவர் தன் வீட்டைச் சுற்றிக் காய்ந்ததை வெட்டினாரா? கோடு வெட்டுகிற பையனுக்கு ஒழுங்கான சம்பளம் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விருப்பக்குறி விழாது. தெரியும்.

கடைசியாக ஒன்று. மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அம்மா இருந்தார். என் வயதுதான். கொரோனா காலம், ஆறடி தள்ளி நின்று வணக்கம் சொல்லிக்கொள்வோம். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தினமும் சாயங்காலம் அவர் வெளியே வந்து மலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். மகன் தீயணைப்புக் குழுவில் இருக்கிறான் என்று மகள் சொன்னாள். ஒரு நாள் கேட்டேன், "உங்கள் பையன் மேலே இருக்கிறானா?" என்று. "இல்லை, கீழே சாலை ஓரம் கோடு வெட்டுகிறான்" என்றார். சொல்லிவிட்டு, "இன்றைக்குத் தூங்குவேன்" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாமும் பிள்ளை பெற்றவர்கள்.

தம்பி, உன் பதிலை அழிக்கச் சொல்லமாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதையே உன்னால் சொல்ல முடியுமா என்று ஒருமுறை யோசித்துப் பார். முடியாது என்றால், அதன் கீழே நீயே ஒரு வரி எழுது.

முப்பது விருப்பக்குறி போட்டவர்களுக்கு வீட்டுப்பாடம்: 13, 6, 14, 19. கூட்டி விடை எழுதுங்கள். 'சூப்பர் டீச்சர்' என்று எழுதினால் பூஜ்யம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்